வீட்டில் சோப் செய்கிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

நான்கு வருடமாக வீட்டில் சோப் செய்கிறேன். வீடு பெங்களூரு அல்சூரில். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் மொட்டை மாடியில் ஐந்தாறு பேர் கூடுவோம். மல்லேஸ்வரத்திலிருந்து ஒரு ரிட்டயர்டு வங்கிக்காரர், ஒயிட்ஃபீல்டிலிருந்து ஐடியில் வேலை பார்க்கும் இரண்டு பெண்கள், ஸ்ரீராமபுரத்திலிருந்து ஒரு டெய்லர் அக்கா. செய்து கொண்டுவந்ததை முகர்ந்து, கை கழுவி, கிண்டல் செய்து கலைவோம். புதிதாக யார் வந்தாலும் இதே கேள்விகள்தான். அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன். மேலிருந்து கீழாகப் படியுங்கள், பின்னால் வரும் பதில்களுக்கு முன்னால் சொன்னது வேண்டியிருக்கும்.

காஸ்டிக் சோடா இல்லாம சோப் செய்ய முடியாதா அக்கா? எல்லாம் இயற்கையா வேணும்.

முடியாது. எண்ணெயும் காரமும் சேர்ந்து மாறினால்தான் அது சோப். நம் பாட்டிகள் சொன்ன சவுக்காரம் என்ற சொல்லிலேயே காரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கட்டியான சோப்புக்குச் சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது காஸ்டிக் சோடா. திரவ சோப்புக்குப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு.

கடையில் 'சோப் பேஸ்' என்று கட்டியாகக் கிடைக்கிறதே, உருக்கி அச்சில் ஊற்றினால் போதுமே என்பார்கள். ஊற்றலாம், தப்பில்லை. ஆனால் அதில் காரம் கலக்கும் வேலையை வேறு யாரோ முன்பே முடித்துக் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். சீயக்காயும் பூந்திக்கொட்டையும் நுரைப்பது அவற்றிலிருக்கும் சப்போனின் என்ற பொருளால். நல்ல பொருள்கள்தான், ஆனால் சோப் இல்லை.

அப்போ அந்த காஸ்டிக் சோப்புலயே இருக்குமே? தோல் வெந்துபோகாதா?

கணக்கு சரியாக இருந்தால் ஒரு துளி மிஞ்சாது. எண்ணெயோடு சேர்ந்து சோப்பாகவும் கிளிசரினாகவும் மாறிவிடும். அதற்காகத்தான் தேவையானதைவிடக் காஸ்டிக்கை 5 சதவீதம் குறைத்துப் போடுகிறோம். கொஞ்சம் எண்ணெய் மாறாமல் சோப்புக்குள்ளேயே தங்கும். இங்கிலீஷில் சூப்பர்ஃபேட் என்பார்கள்.

சரியாக வந்ததா என்று பார்க்க எங்கள் மாடியில் நாக்குதான் கருவி. ஈர விரலால் சோப்பைத் தேய்த்து, அந்த விரலை நாக்கு நுனியில் வைக்க வேண்டும். சோப்புச் சுவை மட்டும் வந்தால் சரி. டார்ச் பேட்டரியை நக்கியது போல் சுரீர் என்றால் காரம் மிஞ்சியிருக்கிறது. செய்து இரண்டு நாள் கழித்துப் பாருங்கள், சுடச்சுட வேண்டாம்.

வீட்டுல சின்னக் குழந்தை இருக்கு. சமையலறையில செய்யலாமா?

குழந்தை பக்கத்து வீட்டிலோ தூக்கத்திலோ இருக்கும்போது செய்யலாம். கண்ணாடி, ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை மூன்றும் கட்டாயம். தண்ணீரில்தான் காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், காஸ்டிக் மேல் தண்ணீர் ஊற்றவே கூடாது. ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். சாதாரணத் தண்ணீர் அடுப்பே இல்லாமல் 80 டிகிரியைத் தாண்டும், நெடியும் வரும். ஜன்னலோரம் அல்லது பால்கனியில் வைத்துக் கலக்குங்கள்.

பாத்திரம் எவர்சில்வர் அல்லது கெட்டி பிளாஸ்டிக். அலுமினியமும் இண்டாலியமும் கூடாது. காஸ்டிக் அதை அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். கண்ணாடிப் பாத்திரம் சூட்டில் விரிசல் விடலாம். கையில் பட்டால் குழாயைத் திறந்து குறைந்தது கால் மணி நேரம் காட்டுங்கள். காரத்துக்கு மருந்து புளிப்பு என்று வினிகரை ஊற்றாதீர்கள், அந்த இடத்திலேயே சூடு கிளம்பிப் புண் பெரிதாகும். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப ஏற்பாடு செய்யுங்கள்.

சோப் செய்த பாத்திரத்தை உடனே கழுவ வேண்டாம். இரண்டு நாள் ஓரமாக வைத்தால் ஒட்டியிருப்பதெல்லாம் சோப்பாகிவிடும், வெந்நீர் ஊற்றினால் தானே நுரைத்துக் கழன்று வரும். அதற்குப் பிறகு அதில் சமைக்க வேண்டாம்.

முதல் தடவைக்கு ஒரு அளவு சொல்லுங்க. கப் கணக்குல சொன்னா நல்லா இருக்கும்.

கப் கணக்கில் சொல்ல மாட்டேன். சில நூறு ரூபாய்க்கு டிஜிட்டல் தராசு கிடைக்கிறது, அதை வாங்கிவிட்டு வாருங்கள். ஏன் இந்தப் பிடிவாதம் என்றால், என் முதல் சோப் அப்படித்தான் போச்சு.

அளவு இதுதான்: தேங்காய் எண்ணெய் 200 கிராம், பாமாயில் 200 கிராம், நல்லெண்ணெய் 50 கிராம், விளக்கெண்ணெய் 50 கிராம். காஸ்டிக் 74 கிராம், தண்ணீர் 148 கிராம். ஏழு கட்டி வரும். நான் காஸ்டிக்கை மட்டும் சரியாக நிறுத்தேன். எண்ணெய்தானே என்று 200 மில்லி, 50 மில்லி என்று அளவுக் கோப்பையில் ஊற்றிவிட்டேன். எண்ணெய் தண்ணீரைவிட லேசு. லிட்டர் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், 910 கிராம் என்று போட்டிருக்கும். ஆக என் பாத்திரத்தில் 500 கிராமுக்குப் பதில் 460 கிராம் எண்ணெய்தான். குறைத்துப் போட்ட அந்த 5 சதவீதம் முழுவதும் தின்று போய், அதற்கு மேல் இரண்டு கிராம் காஸ்டிக் மிச்சம். பார்க்கப் பால்கோவா மாதிரி அழகாக இருந்தது. என் மாமியார் பாத்திரம் தேய்த்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் தேய்க்குது, கைதான் காந்துது" என்றார். நாக்கில் வைத்தேன். சுரீர்.

எங்க வீட்டுல பாமாயில் வாங்கறதில்ல. பதிலா கடலை எண்ணெய் போடலாமா?

போடலாம், ஆனால் காஸ்டிக் அளவை மாற்ற வேண்டும். ஒரு கிராம் எண்ணெய் எவ்வளவு காஸ்டிக்கைக் குடிக்கும் என்பது எண்ணெய்க்கு எண்ணெய் மாறும். தேங்காய் எண்ணெய் 0.183, பாமாயில் 0.141, கடலை எண்ணெய் 0.137, ஆலிவ் 0.135, நல்லெண்ணெய் 0.134, விளக்கெண்ணெய் 0.128. ஒவ்வொரு எண்ணெயின் எடையையும் அதன் எண்ணால் பெருக்கி, கூட்டி, கூட்டுத்தொகையை 0.95-ஆல் பெருக்கினால் காஸ்டிக் அளவு. மேலே கொடுத்த 74 அப்படி வந்ததுதான். சரியா என்று நீங்களே ஒரு முறை போட்டுப் பாருங்கள். எங்கள் வங்கிக்காரர் பேப்பரில் போடுகிறார், ஐடி பெண்கள் எக்செல்லில் போடுகிறார்கள், இரண்டு பேருக்கும் ஒரே விடைதான் வருகிறது.

குணமும் மாறும். தேங்காய் எண்ணெய் நுரையும் கெட்டியும் தரும், அதிகமானால் தோலை வறட்டும். பாமாயில் சோப்பைச் சீக்கிரம் கரையாமல் வைக்கும். விளக்கெண்ணெய் நுரையை நிற்க வைக்கும், 10 சதவீதத்துக்கு மேல் போனால் பிசுபிசுப்பு. கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் மென்மைக்கு. வேப்பெண்ணெய் போடலாம், ஆனால் குளியலறை முழுக்க மணக்கும், நான் பத்து சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வேன். செக்கெண்ணெய்தான் வேண்டும் என்பதில்லை. செக்கெண்ணெயை இங்கே கன்னடத்தில் காணத எண்ணெ என்று விலை கூட்டி விற்பதை வாங்கிக் காஸ்டிக்கில் கொட்டுவது எனக்கு மனசு வராத காரியம். அதைத் தாளிக்க வைத்துக்கொள்ளுங்கள்.

மத்தால கடையறேன், ஒரு மணி நேரமாச்சு, இன்னும் தண்ணியாவே இருக்கு. என்ன தப்பு?

தப்பில்லை, மத்துக்கு அவ்வளவு நேரம் பிடிக்கும். ஹேண்ட் பிளெண்டர் இருந்தால் சில நிமிடம். எண்ணெயும் காஸ்டிக் தண்ணீரும் இரண்டும் கை பொறுக்கும் வெதுவெதுப்புக்கு, அதாவது 40 டிகிரி பக்கம் வந்த பிறகு கலக்குங்கள். காஸ்டிக் பாத்திரத்தை வெளியிலிருந்து தொட்டுப் பார்த்தால் போதும், உள்ளே விரலை விட்டுவிடாதீர்கள். முதலில் எண்ணெய் பளபளவென்று தனியாகச் சுழலும். பிறகு பளபளப்பு போய் மங்கும். அப்புறம் கரண்டியிலிருந்து சொட்டுவது மேலே ஒரு கோடாக ஒரு நொடி நின்று அமுங்கும். தோசை மாவுப் பதம். அதைத்தான் ட்ரேஸ் என்கிறோம். அங்கே நிறுத்தி அச்சில் ஊற்ற வேண்டும்.

பெங்களூருக்காரர்களுக்கு டிசம்பரில் ஒரு பொறி உண்டு. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும், நம் சமையலறையில் அந்த மாதம் முழுக்க டப்பாவில் வெண்ணெயாகத்தான் இருக்கும். எண்ணெயை முழுக்க உருக்காமல் கலக்கினால் குளிரில் கெட்டிப்படும், நாம் ட்ரேஸ் வந்துவிட்டதென்று ஊற்றிவிடுவோம். காலையில் பார்த்தால் மேலே எண்ணெய் மிதக்கும், கீழே காரத் தண்ணீர் நிற்கும். அப்படி ஆனால் கையுறையோடு மொத்தத்தையும் பாத்திரத்துக்குத் திருப்பி, லேசாகச் சூடாக்கி மறுபடி கலக்குங்கள். பிழைத்துவிடும்.

மேல வெள்ளையா மாவு மாதிரி பூத்திருக்கு. பூஞ்சையா?

இல்லை. மேற்பரப்பில் இன்னும் மாறாத காஸ்டிக், காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து சலவைச் சோடாவாகிறது. கெடுதல் கிடையாது. ஆவி காட்டலாம், ஈரத் துணியால் துடைக்கலாம், அப்படியே விட்டாலும் முதல் குளியலில் போய்விடும். அடுத்த முறை ஊற்றியதும் மூடி வையுங்கள்.

சோப் மறுநாளே கெட்டியாயிடுது. எதுக்கு ஆறு வாரம் காத்திருக்கணும்?

காஸ்டிக் மாறி முடிய ஒன்றிரண்டு நாள் போதும். மீதிக் காலம் தண்ணீர் வெளியேறுவதற்கு. வெட்டிய அன்று 103 கிராம் இருந்த கட்டி ஆறாவது வாரம் 91 கிராம் இருந்ததை நான் நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். ஈரத்தோடு எடுத்தால் சோப்புப் பெட்டியில் கூழாகிவிடும், நுரையும் கஞ்சத்தனமாக வரும். குறைந்தது நான்கு வாரம். செய்தித்தாள் மேல் வேண்டாம், மை ஒட்டும். மூங்கில் தட்டிலோ கம்பிக் கூடையிலோ இடைவெளி விட்டு அடுக்கித் திருப்பிப் போடுங்கள்.

வெட்டுவதற்கு மட்டும் காத்திருக்கக் கூடாது. தேங்காய் எண்ணெய் பாதிக்கு மேல் இருந்தால் பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் வெட்டிவிடுங்கள். டெய்லர் அக்கா ஊருக்குப் போய் மூன்றாம் நாள் வந்து கத்தி வைத்தார். கடலை மிட்டாய் மாதிரி உடைந்தது.

மஞ்சள் போட்டேன், ரத்தச் சிவப்பாயிடுச்சு! தூக்கிப் போடவா?

வேண்டாம். மஞ்சள் காரத்தில் சிவக்கும், நம் ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் நடப்பது அதேதான். காரம் அடங்க அடங்க ஆரஞ்சாகி, பிறகு மங்கிய மஞ்சளுக்கு வரும். வெயில் பட்டால் வெளுக்கும். அரைக் கிலோ எண்ணெய்க்கு அரை டீஸ்பூனுக்கு மேல் போட்டால் துண்டில் கறை.

செம்பருத்தி, பீட்ரூட், ரோஜா இதழ் எதன் நிறமும் காரத்தில் நிற்காது, எல்லாம் பழுப்புதான். வேப்பிலை, குப்பைமேனிப் பச்சையும் சில வாரத்தில் காக்கியாகிவிடும். பச்சையாக அரைத்த விழுதைப் போடவே கூடாது, ஈரத்தில் அழுகும். காய வைத்து எண்ணெயில் ஊற வைத்து வடிகட்டிய எண்ணெயைப் பயன்படுத்துங்கள். நலங்கு மாவு ஒரு ஸ்பூன் போடலாம், தோலைச் சுரண்டும் அளவுக்குப் போடாதீர்கள்.

தேங்காய்ப் பாலும் தேனும் சேர்த்தேன். அச்சிலிருந்து பொங்கி மேசையெல்லாம் வழிஞ்சிடுச்சு.

இரண்டிலும் சர்க்கரை இருக்கிறது. சர்க்கரை காரத்தோடு சேர்ந்தால் சூடு எகிறும். சோப் அச்சுக்குள்ளேயே வெந்து எரிமலை மாதிரி நடுவில் பிளந்து வரும். வழிந்ததைக் கையுறையோடு அள்ளி மறுபடி ஊற்றினால் சோப் வரும், அழகை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

பாலை ஐஸ் கட்டியாக உறைய வைத்து, அதன் மேல் காஸ்டிக்கைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவிக் கரைப்பதுதான் வழி. அப்படியும் கொஞ்சம் பழுப்பாகும். தேன் ஒரு டீஸ்பூன் போதும். அன்றைக்கு மட்டும் அச்சைக் கம்பளியால் மூடாமல் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

கிராம்பு எண்ணெய் ஊத்தின மறு நிமிஷம் சட்டிக்குள்ளயே கல்லாயிடுச்சு. இதுக்கு வைத்தியம் இருக்கா?

இதை நேரில் பார்த்திருக்கிறேன். ஒயிட்ஃபீல்டு பெண்களில் ஒருத்தி, மாடியில் எல்லோர் முன்பும், மூன்று வண்ணத்தில் சுழல் போடப் போகிறேன் என்று மூன்று டம்ளர் தயாராக வைத்திருந்தாள். கிராம்பு எண்ணெய் விழுந்தது. பிளெண்டர் ஒரு மாதிரி முனகியது. தூக்கினால் சட்டியும் சேர்ந்து மேலே வந்தது!

கிராம்பில் இருக்கும் யூஜினால் என்ற பொருள் ட்ரேஸைச் சட்டென்று வரவைத்துவிடும். சில மல்லிகை, ரோஜா செயற்கை வாசனைகளும் அப்படித்தான். இவற்றைக் கடைசியில், பிளெண்டரை அணைத்துவிட்டுக் கரண்டியால் கலக்குங்கள். வெனிலா வாசனை கல்லாக்காது, ஆனால் சோப்பைச் சாக்லேட் நிறமாக்கிவிடும். கல்லாகிவிட்டால் சட்டியைக் கொதிக்கும் நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து, மூடி, மெதுவான தீயில் வேக விடுங்கள். ஒரு மணி நேரத்தில் பிசைந்த உருளைக்கிழங்கு மாதிரி இளகும். அச்சில் அழுத்தி நிரப்புங்கள். சொரசொரப்பாக இருக்கும், ஆனால் குளிக்க உதவும்.

மைசூர் சாண்டல் மாதிரி வாசனை வீட்டுல வருமா?

நம் மெட்ரோ பச்சைப் பாதையில் ஒரு நிலையத்துக்கே அந்தச் சோப்பு ஆலையின் பெயர்தான். முதல் உலகப் போரில் சந்தனக்கட்டை ஏற்றுமதி தடைபட்டுக் குவிந்தபோது, நான்காம் கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், எண்ணெய் வடிக்கலாம், சோப் செய்யலாம் என்று தொடங்கியது அது. அந்த வாசனைக்குச் சந்தன எண்ணெய் வேண்டும். அரைக் கிலோ சோப்புக்கு 15 கிராம் ஊற்றினால் ஒரு கட்டி என்ன விலை ஆகும் என்று கடையில் கேட்டுப் பாருங்கள். சந்தனப் பொடி போட்டால் நிறம் வரும், மணம் வராது. கடைச் சோப்பை வாங்கிவிடுங்கள், நானும் அதைத்தான் வாங்குகிறேன்.

போர் தண்ணியில நுரையே வரமாட்டேங்குது. காவேரி வர்ற நாள்ல நல்லா இருக்கு. சோப் கெட்டதா, தண்ணி கெட்டதா?

தண்ணீர். போர்வெல் நீரிலிருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்பைப் பிடித்துக் கரையாத பிசுக்காக்கிவிடும். பக்கெட்டில் படியும் சாம்பல் வளையம் அதுதான். டேங்கர் தண்ணீர் அடிக்கும் அடுக்குமாடிகளில் இந்தப் புகார் நிறையவே வரும்.

இரண்டு வழி. ஒன்று, தேங்காய் எண்ணெயைக் கூட்டுங்கள். அதன் சோப் உப்பு நீரிலும் நுரைக்கும். முழுக்கத் தேங்காய் எண்ணெய் என்றால் காஸ்டிக்கை 5 சதவீதமல்ல, 20 சதவீதம் குறைக்க வேண்டும், இல்லையென்றால் தோல் சுருங்கும். 500 கிராமுக்கு 73 கிராம் வரும். இரண்டு, சிட்ரிக் ஆசிட். அரைக் கிலோ எண்ணெய்க்கு 10 கிராம், காஸ்டிக் போடுவதற்கு முன் தண்ணீரில் கரைத்துவிடுங்கள். அது 6 கிராம் காஸ்டிக்கைத் தின்னும், அந்த 6-ஐக் கணக்கில் கூட்டிக்கொள்ளுங்கள். மறந்தால் சோப் எண்ணெய்ப் பிசுக்காக வரும்.

எலுமிச்சைச் சாறு விட்டு பிஎச் 5.5 ஆக்க முடியுமா? டிவியில சொல்றாங்களே.

சோப் என்றால் பிஎச் 9, 10 பக்கம்தான் இருக்கும். புளிப்பை ஊற்றி இறக்கினால் சோப் உடைந்து மறுபடி கொழுப்பாகப் பிரியும். 5.5 என்று போட்டு விற்கும் கட்டிகள் வேறு வகைச் சலவைப்பொருளால் ஆனவை, எண்ணெய்ச் சோப் அல்ல. எலுமிச்சைச் சாறும் மேலே சொன்ன சிட்ரிக் ஆசிட் வேலையைத்தான் செய்யும், அளவு தெரியாமல்.

ரெண்டு மாசத்துல ஆரஞ்சுப் புள்ளி, பழைய எண்ணெய் வாடை. மழைக்காலத்துல வேர்க்கவும் செய்யுது.

வேர்ப்பது கிளிசரின் ஈரத்தை இழுப்பதால். துடைத்துக் காற்றாட வையுங்கள். புள்ளி வேறு கதை, அது எண்ணெய் காறிப்போனது. பழைய எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் அதிகம், காஸ்டிக்கைக் குறைப்பதில் 8, 10 சதவீதம் என்று தாராளம், துருப்பிடித்த கம்பித் தட்டு, இவற்றில் ஒன்று காரணமாக இருக்கும். புள்ளி விழுந்த சோப் ஆபத்தில்லை, வாடையைத் தாங்கினால் கை கழுவலாம்.

எல்லாரும் கேக்கறாங்க, விக்கலாமா?

நண்பர்களுக்குக் கொடுங்கள். காசுக்கு விற்பதானால் குளியல் சோப் நம் சட்டத்தில் அழகுசாதனப் பொருள், 2020-ஆம் ஆண்டின் காஸ்மெட்டிக்ஸ் விதிகளின்படி மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் தயாரிப்பு உரிமம் வேண்டும். சமையலறை மேசைக்கு அது கிடைக்காது. சொரியாசிஸ் போகும், பரு போகும் என்று எழுதி ஒட்டினீர்களானால் அது இன்னும் பெரிய வம்பு.

சொதப்பின சோப்பை எல்லாம் என்ன பண்றீங்க?

துருவி மறுபடி வேக வைப்பேன். மில்லியில் அளந்த அந்த முதல் சோப்பையும் அப்படித்தான், குறைந்த 40 கிராம் எண்ணெயை ஊற்றிக் கிராம்புச் சோப்புக்குச் சொன்ன மாதிரி கொதிநீரில் வைத்து இளக்கினேன். நாக்கில் வைத்தேன், சுரீர் போயிருந்தது. பஜ்ஜி சுட்ட எண்ணெயில் செய்ததும், புள்ளி விழுந்ததும் துணி துவைக்கப் போய்விடும். மாமியார் இப்போது சட்டைக் காலருக்கு வேறு எதையும் தொடுவதில்லை. போன வாரம் "அந்தக் காந்தற சோப் மறுபடி எப்ப செய்வே?" என்று கேட்டார்.